நம்பினேன், நடக்கவில்லையே!



சென்ற திங்களில் ஒருநாள் மாலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், உபதேசியார் பீடத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். ஆலய முற்றத்து வேப்பமரத்தடியில் ஓர் இளைஞன் தனியே நின்றுகொண்டிருந்தான். நம் பங்கிலே பிறந்து, நம் பள்ளியிலே பயின்று, பட்டமும் பெற்றவன். நான்கு ஆண்டுகளாக அரசுப் பணித் தேர்வுகளை எழுதிவருபவன். அன்று முற்பகலில் தேர்வு முடிவு வெளிவந்திருந்தது. அது என்னவென்று அவன் முகமே நமக்கு அறிவித்துவிட்டது.

"வா தம்பி, உள்ளே வந்து உட்கார்" என்றோம். அவன் அசையவில்லை. சற்றுநேரம் தலைகுனிந்து நின்றவன், பின்பு நிமிர்ந்து நம்மை நோக்கி, "சாமி, நீங்கள் சொன்னபடியே நம்பினேன், நடக்கவில்லையே!" என்றான்.

நாம் அப்படி எப்போது சொன்னோம் என்று திகைத்தோம். அவனே நினைவூட்டினான். ஐந்தாண்டுகளுக்கு முன்பு நம் பள்ளியின் ஆண்டு விழாவில் நாம் ஆற்றிய உரை அது. 'நம்புங்கள், நடக்கும்! குறிக்கோளை மனக்கண்முன் நிறுத்துங்கள். அது தானே உங்கள் கைக்கு வந்துசேரும்!' என்று குரலை உயர்த்திக் கூறினோம். மாணவர் கைதட்டினர். அவ்வோசை நம் செவிக்கு இனித்தது என்பதையும் இங்கே மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம். கைதட்டியவருள் ஒருவன் அச்சொற்களைத் தன் ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டான் என்பதும், அவற்றை முதலாகக் கொண்டு நான்கு ஆண்டுகளைச் செலவிட்டான் என்பதும், அவன் பயிற்சிக் கட்டணத்துக்காக அவன் அன்னையின் கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குச் சென்றது என்பதும் அன்று மாலைதான் நமக்குத் தெரியவந்தன.

மேடையில் நின்று நல்வாக்குக் கூறுவது எளிது. அவ்வாக்குக்கு வட்டி கட்டுகிறவர் வேறொருவர். இவ்வுண்மையை ஐம்பது வயதைக் கடந்தபின் ஓர் இளைஞனிடம் கற்றுக்கொண்டோம்.

அவனை அறைக்கு அழைத்துச் சென்று, தேநீர் தந்து, அவனது ஒரு நாளைப் பற்றிக் கேட்டோம். விடியற்காலையில் எழுந்து, சுவரில் ஒட்டியுள்ள 'நான் வெல்வேன்' என்னும் வாசகத்தின்முன் நின்று, இருபத்தொரு முறை அதனைச் சொல்வானாம். பின்னர் வெற்றிக்கு வழிகூறும் சொற்பொழிவுகளைக் கைப்பேசியில் ஒரு மணி நேரம் கேட்பானாம். மாநில அரசுத் தேர்வு, வங்கித் தேர்வு, இரயில்வேத் தேர்வு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஏடுகள். வெளிநாடு செல்ல நேர்ந்தால் உதவுமென்று ஜெர்மன் மொழிக்கு ஓர் ஏடு. கணினிப் பயிற்சிக்கு மற்றோர் ஏடு. ஐந்து ஏடுகளும் பாதிவரை நிறைந்திருந்தன. எதுவும் முடியவில்லை. அவன் சோம்பேறியல்லன், நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உழைப்பவன். நம்பிக்கையிலும் குறைவில்லை. அப்படியாயின் எங்கே பிழைத்தது?

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அலமாரியைத் துழாவியபோது, குருமடத்தில் நமக்குத் தமிழ் கற்பித்த பெருமகனார் வற்புறுத்திப் படிக்கச்செய்த ஒரு நூல் கைக்கு வந்தது: தமிழ்த் தாத்தா டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் முதுமையில் எழுதிய 'என் சரித்திரம்'. 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, அவர் 1942இல் மறைந்ததால் நிறைவுறாமல் நின்றுபோன தன்வரலாறு அது. விடியும்வரை புரட்டினோம். மறுநாள் அவ்விளைஞனை வரவழைத்து நாம் பேசியவற்றையே இம்மாதம் உங்கள்முன் வைக்கிறோம்.

விட்டது எது?

சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள், கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரத்தில் பிறந்தார். தந்தையார் இசைவாணர், இராமாயணச் சொற்பொழிவாலும் இசையாலும் கிடைக்கும் சிறுவருவாயைக் கொண்டு குடும்பத்தை நடத்தியவர். நல்லாசிரியர் எங்கே உள்ளார் என்று கேட்டறிந்து, மகனின் கல்விக்காகவே ஊர் ஊராகக் குடிபெயர்ந்தவர். மகனும் இசைவாணனாக வேண்டும் என்பது அவர் விருப்பம். உற்றாரோ, ஆங்கிலம் கற்றால் இம்மைக்கு உதவும், வடமொழி கற்றால் மறுமைக்கு உதவும், வெறும் தமிழைக் கற்று என்ன காணப்போகிறான் என்று வினவினர். சிறுவனின் உள்ளமோ தமிழையன்றி வேறொன்றையும் நாடவில்லை.

1871ஆம் ஆண்டில், பதினாறு வயதில், மாயூரத்தில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் மாணவராகச் சேர்ந்தார். அதே ஊரில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் வாழ்ந்துவந்தார். தந்தையின் விருப்பப்படி அவரிடம் இசையும் பயிலத் தொடங்கினார். இது பிள்ளையவர்களின் செவிக்கு எட்டியது. இசையிலே மனம் தோய்ந்தால் இலக்கண இலக்கியங்களில் ஆழம் வாய்க்காது என்பது அவர் கருத்து. ஆசிரியரின் உள்ளக்குறிப்பை அறிந்த மாணவர் இசைப்பயிற்சியை நிறுத்திவிட்டார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திப்போம். அவர் விட்டது தீய பழக்கம் ஒன்றையன்று, வீண்பொழுதையன்று. தந்தை வழியாக இரத்தத்தில் ஊறிய கலையை, அதுவும் அந்நாளில் பெரும்புகழ் வாய்ந்த ஓர் ஆசிரியரிடம் கற்கக் கிடைத்த வாய்ப்பை விட்டார். தீயதை விடுவது ஒழுக்கம். நல்லதொன்றிற்காக மற்றொரு நல்லதை விடுவதே மன ஒருமைப்பாடு. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றையே நினைப்பது ஒருமைப்பாடு என்று பலர் எண்ணுகின்றனர். கண்ணைத் திறந்துகொண்டு ஒன்றைத் தேர்ந்து, ஏனையவற்றை மனமார வழியனுப்பிவைப்பதே அதன் முதற்படி என்கிறோம் நாம்.

இளைஞனை நோக்கி, "உன் ஐந்து ஏடுகளில் எதை நீ விட்டாய்?" என்று கேட்டோம். "ஒன்றையும் விடவில்லை, சாமி. ஒன்று தவறினால் மற்றொன்று உதவுமே என்று வைத்துக்கொண்டேன்" என்றான். அவனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. வறுமைக்கு அஞ்சுகிறவன் நான்கு கிணறு தோண்டுகிறான். ஆயினும் நான்கும் பத்தடியோடு நின்றால், முப்பதடியில் ஓடும் நீர் அவனுக்கு எவ்வாறு கிட்டும்?

ஒரு வினா

மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். 1880ஆம் ஆண்டில் சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். வயது இருபத்தைந்து. பெரும்புலவரின் மாணவர், திருவாவடுதுறை ஆதீனத்தின் அன்புக்கு உரியவர், இப்போது அரசாங்கக் கல்லூரியில் பணி. வேண்டிய குறிக்கோளையெல்லாம் அடைந்துவிட்டார் என்றே எவரும் கூறியிருப்பர். நாமாயிருந்தால் அத்துடன் அமைதியடைந்து, பெற்ற பேறுகளைப் பேசியே எஞ்சிய நாளைக் கழித்திருப்போம்.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள், வியாழக்கிழமை, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், உலா, புராணம் என்று தாம் கற்றவற்றை அடுக்கிக்கொண்டே போனார். முதலியாரின் முகத்தில் வியப்பு எழவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்ற கருத்திலே கேட்டுவிட்டு, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று அவர் பெயர் கூறிய நூல்களை ஐயர் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை.

இளம் பேராசிரியர் ஒருவருக்கு இது எத்தகைய அடி! வந்த வினாவை அவமதிப்பாகக் கொண்டு, முன்சீபுக்கு இலக்கியத்தில் என்ன வேலை என்று எள்ளி நகையாடியிருக்கலாம். அல்லது, அந்நூல்கள் சமணருக்கும் பௌத்தருக்கும் உரியவை, சைவனாகிய நமக்கு எதற்கு என்று ஒதுக்கியிருக்கலாம். அவரோ, தமக்குத் தெரியாத ஒரு பெரும்பரப்பு உள்ளது என்பதை ஏற்றுக்கொண்டார். முதலியார் தேடித் தந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுசென்றார். அந்நாள்முதல் அவருடைய வாழ்வு வேறொரு திசையில் ஓடத் தொடங்கிற்று.

தன்னம்பிக்கை என்பது 'எனக்கு எல்லாம் தெரியும், என்னால் எல்லாம் முடியும்' என்னும் எண்ணம் என்று இக்காலத்தில் விற்கப்படுகிறது. தமிழ் செய்த நற்பேறு, அத்தகைய நம்பிக்கை அன்று ஐயரிடம் இல்லாமற் போயிற்று. 'எனக்கு இது தெரியவில்லை' என்று தலைகுனியும் துணிவே அவரை நடத்திச் சென்றது.

ஏழு ஆண்டுகள்

சிந்தாமணியைத் திறந்தால் அது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் இயற்றிய அக்காப்பியம் பதின்மூன்று இலம்பகங்களையும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்களையும் உடையது. நச்சினார்க்கினியர் உரை இருந்ததெனினும், அவ்வுரையை விளங்கிக்கொள்ள மற்றோர் உரை வேண்டும்போல் இருந்தது. பழஞ்சுவடிகளின் இயல்பை அறிந்தோர்க்கு இத்துன்பம் விளங்கும். ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளியிராது. எகரம் எது, ஏகாரம் எது என்று தெரியாது. செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளமிராது. செல் அரித்த இடத்தில் சொல் இராது. ஒரு பிரதியில் உள்ள பாடம் மற்றொரு பிரதியில் மாறியிருக்கும்.

மொழித்தடையைக் காட்டிலும் பெரிய தடை சமயக் கருத்துகளில் இருந்தது. சமண சமயத்தின் கொள்கைகளும் குறியீடுகளும் சைவராகிய அவருக்குப் புரியவில்லை. என்ன செய்தார்? கும்பகோணத்தில் வாழ்ந்த சமண அன்பர்களின் இல்லங்களை நாடிச் சென்றார். அவர்களிடையே சிந்தாமணியைப் பக்தியோடு ஓதும் வழக்கம் இருந்தது. தமிழ்ப் புலவருலகம் ஏறக்குறைய மறந்துவிட்ட ஒரு நூல், சில குடும்பங்களின் கூடத்தில் உயிரோடு ஓதப்பட்டுவந்தது என்பதைக் கண்டு அவர் உள்ளம் எத்துணை வியந்திருக்கும்! கல்லூரி ஆசிரியர் அங்கே மாணவராக அமர்ந்தார். ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். சைவர் ஒருவர் சமணநூலில் இவ்வாறு ஈடுபடுவதா என்று முகம் சுளித்தோரும் இருந்தனர். அவர் பொருட்படுத்தவில்லை.

நம்பிக்கை என்னும் சொல்லின் உண்மைப்பொருள் இங்கேதான் நமக்கு விளங்குகிறது. புரியாத செய்யுள் ஒன்றின்முன் அமர்ந்த அவர், 'நான் வெல்வேன்' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளவில்லை. 'இதற்குப் பொருள் உண்டு. எங்கோ ஓர் ஏட்டிலோ எவரோ ஒருவர் நெஞ்சிலோ அது இருக்கிறது. தேடினால் கிட்டும்' என்று எண்ணியே தேடினார். அவர் நம்பியது தம்மை அன்று; தாம் தேடிய பொருளை. தன்னை மட்டும் நம்புகிறவன் ஒரு தோல்வியிலேயே உடைந்துபோகிறான். ஏனெனில் அவன் நம்பிய பொருளே தோற்றுவிடுகிறது. தேடும் பொருளின் மதிப்பை நம்புகிறவனோ, ஒரு வழி அடைபட்டால் அடுத்த கதவைத் தட்டுகிறான். கடவுள்மீது நாம் கொள்ளும் விசுவாசம் இதனினும் பெரிது. அதனை இங்கே இழுத்துப் பேச விரும்பவில்லை. ஆயினும் அவ்விசுவாசமும் இவ்வியல்பினதே என்பதை நம் வாசகர் அறிவர்.

சுவடிகளைத் திரட்டி, பாடங்களை ஒப்புநோக்கி, கல்லூரிப் பணி போக எஞ்சிய பொழுதெல்லாம் உழைத்து, அந்நூலை அச்சுக்கு ஆயத்தம் செய்தார். அச்சிடப் பணமில்லை. ஊர் ஊராகத் தமிழன்பரைக் கண்டு, நூலை வாங்கிக்கொள்வதாகக் கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்ட வேண்டியிருந்தது. கல்லூரி விடுமுறையில் சென்னைக்குச் சென்று தங்கி, அச்சுத்தாள்களைத் திருத்தினார். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது. வினா எழுந்த நாளிலிருந்து ஏழு ஆண்டுகள்! இருபத்தைந்து வயதில் தலைகுனிந்தவர் முப்பத்திரண்டாம் வயதில் தலைநிமிர்ந்தார்.

அதன்பின் 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. மணிமேகலைக்குப் பௌத்த சமயக் கருத்துகளை அறிய வேண்டியிருந்தபோது, மளூர் அரங்காசாரியார் என்னும் அறிஞரிடம் கேட்டுத் தெளிந்தார். முதல் நூலுக்குச் சமணரிடம் மாணவராக அமர்ந்தவர், புகழ்பெற்ற பதிப்பாசிரியரான பின்னும் பிறரிடம் மாணவராக அமரத் தயங்கவில்லை. இப்பெரும்பணியில் அவர் தனியரும் அல்லர். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்ததும் அதே 1887ஆம் ஆண்டில்தான்.

கிட்டாதவை

இதுவரை கேட்ட இளைஞன், "அவர் வென்றுவிட்டார், சாமி. எல்லாம் நடந்துவிட்டது" என்றான், சற்றே கசப்போடு. அப்பொழுதுதான் அவனுக்கு நாம் சொல்ல விரும்பியதன் மறுபாதியைத் தொடங்கினோம்.

எல்லாம் நடக்கவில்லை. சுவடி தேடித் தென்பாண்டி நாட்டுக்குச் சென்ற ஐயர், கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் ஏடுகள் இருப்பதாகக் கேள்வியுற்று ஆவலோடு விசாரித்தார். பழுதுற்ற பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கே விடை கிடைத்தது. அவ்விடையைக் கேட்டு அவர் பட்ட வேதனையைத் தன்வரலாற்றில் படிக்கும்போது நம் நெஞ்சும் எரிகிறது. அத்தீயில் போனவை எந்நூல்கள் என்று எவருக்கும் தெரியாது. எத்தனை நம்பிக்கை இருந்தாலும் சாம்பலைப் படிக்க இயலுமா?

ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாகிய வளையாபதியின் ஏட்டைத் தாம் இளமையில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகளிடையே கண்டதாக அவர் நினைவுகூர்கிறார். பழைய நூல்களின் அருமையை அறியாத வயது. பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார். அருமையை அறிந்தபின் தேடியபோது அது அகப்படவில்லை. இன்று அக்காப்பியத்தில் எழுபதுக்குச் சற்று மேற்பட்ட செய்யுட்களே நமக்கு எஞ்சியுள்ளன. கண்ணால் கண்டதைக் கைவிட்டோமே என்னும் ஏக்கத்தை அவர் இறுதிவரை சுமந்திருப்பார்.

மறுபுறம், கிட்டாது என்றிருந்தது கிட்டியதும் உண்டு. பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும்போது, கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில், மலர்களின் பெயர்களை அடுக்கிச் சொல்லும் பகுதியில், பிரதிகளில் இடைவெளி இருந்தது. சிதைந்த இடத்தை ஊகத்தால் நிரப்பாமல், விட்டுச் செல்லவும் மனமில்லாமல் தேடினார். தருமபுர ஆதீனத்துச் சுவடிகளில் அவ்வரிகள் கிடைத்தன. இன்று குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது மலர்களையும் பள்ளிச் சிறுமியர் நாட்டியத்தில் அபிநயித்துக் காட்டுகின்றனரே, அம்மலர்கள் அத்தேடலில் மீண்டும் பூத்தவை.

ஆகவே, தேடியவை சில கிட்டின, சில கிட்டவில்லை. கிட்டியவற்றிலும் கிட்டாதவற்றிலும் அவர் உழைப்பு ஒன்றே, நம்பிக்கையும் ஒன்றே. 'நம்பினால் நடக்கும்' என்பது விதியானால், வளையாபதி கிடைத்திருக்க வேண்டும். அது விதியன்று. 'நம்பினால் தேடுவோம், தேடினால்தான் கிட்டக்கூடியது கிட்டும்' என்பதே உண்மை. ஐந்தாண்டுகளுக்கு முன் மேடையில் நாம் இதனைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் கைதட்டல் சற்றுக் குறைந்திருக்கும். ஒரு பிள்ளையின் நெஞ்சில் 'நான் சரியாக நம்பவில்லை போலும்' என்னும் முள் தைத்திராது.

ஏனெனில், அம்முள்தான் அவனை வாட்டிக்கொண்டிருந்தது. தேர்வில் தோற்றது ஒரு துன்பம். தோற்றதற்குத் தன் நம்பிக்கைக் குறைவே காரணம் என்று எண்ணியது அதனினும் கொடிய துன்பம். "தம்பி, இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் சில ஆயிரம் பேருக்கே இடம் உண்டு. எல்லாரும் மலையளவு நம்பினாலும் இடம் ஒன்றுகூடக் கூடப்போவதில்லை. தேர்ச்சி பெறாத ஒவ்வொருவனும் நம்பிக்கையற்றவன் என்று சொல்வது அறமாகுமா? உன்னிடம் நாம் சொன்னது அரைகுறைச் சொல். எம்மை மன்னித்துக்கொள்" என்றோம். அவன் கண் கலங்கிற்று. நம் கண்ணும்தான்.

வீட்டுக்கு மூன்று வினாக்கள்

பெற்றோரே, பிள்ளைகளே! குறிக்கோள் ஒன்றைக் கொள்ளும் எவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத்தக்க மூன்று வினாக்களை ஐயரின் வாழ்விலிருந்து எடுத்து வைக்கிறோம்.

இதற்காக நாம் எதை விட்டோம் என்பது முதல் வினா. ஒன்றையும் விடாமல் ஒன்றைப் பற்றிக்கொள்ளக் கைக்கு இடமில்லை. பிள்ளைக்குப் பாட்டு, நடனம், சதுரங்கம், இந்தி, நீச்சல் என்று நாள்தோறும் ஐந்து வகுப்புகளுக்கு அலையும் தாய்மார் இதனைச் சிறப்பாக எண்ணிப்பார்க்க வேண்டும்.

நமக்குத் தெரியாததை எவரிடம் கேட்டோம் என்பது இரண்டாம் வினா. நம் இளைஞன் நான்கு முறையும் அதே பாடப்பகுதியில் மதிப்பெண் இழந்திருந்தான். கணக்கு அவனுக்கு வரவில்லை. கேட்டால் இழிவு என்று எவரிடமும் கேட்கவில்லை. அவன் தெருவிலேயே ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர் இருக்கிறார்! பேராசிரியர் ஒருவர் வேற்றுச் சமயத்தார் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கேட்டாரே, நமக்கு என்ன கூச்சம்?

நம் குறிக்கோளில் நம் கையிலுள்ள பகுதி எது என்பது மூன்றாம் வினா. ஒரு நூலை விளங்கிக்கொண்டு பிழையறப் பதிப்பிக்க வேண்டும் என்பதே ஐயர் கொண்ட குறிக்கோள். அது பெரும்பாலும் அவர் கையிலே இருந்தது. 1906இல் அரசாங்கம் அளித்த மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த டாக்டர் பட்டமும் தாமே தேடி வந்தவை. பதவி பிறர் கையில். பயிற்சி நம் கையில். பிறர் கையிலுள்ளதை விரும்பலாம். நம் நாளை அளக்கும் கோலாக நம் கையிலுள்ளதையே கொள்ள வேண்டும்.

அவ்விளைஞன் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்பீர்கள். அதிசயம் ஒன்றும் நிகழவில்லை. நான்கு ஏடுகளைக் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டான். காலையில் அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதுகிறான். அன்னையின் சங்கிலியை மீட்பதற்கு மாதந்தோறும் ஒரு தொகை சேர்கிறது. மாலையில் கணக்காசிரியர் வீட்டுத் திண்ணையில் அமர்கிறான். இன்னும் ஒரே ஒருமுறை தேர்வு எழுதுவதென்று தாயும் மகனும் கலந்து முடிவு செய்துள்ளனர். கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்காவிடில் ஆலைக் கணக்கையே முறையாகப் பயின்று அவ்வழியில் மேலே செல்வான். சுவரிலிருந்த வாசகத்தை அவனே எடுத்துவிட்டானாம். அவ்விடத்தில் நாட்காட்டி தொங்குகிறது. படித்து முடித்த பாடத்தை அன்றன்று அதில் குறிக்கிறானாம்.

இறுதியாக, நம் கதையையும் சொல்லிவிடுகிறோம். இப்பங்கிற்கு வந்த புதிதில், பெரிய வெள்ளிக்கிழமை இரவில் இவ்வூர் மூதாட்டியர் பாடும் வியாகுல ஒப்பாரிகளைக் கேட்டு உள்ளம் உருகி, அவற்றையெல்லாம் எழுதித் தொகுக்க வேண்டும் என்று குறிக்கோள் கொண்டோம். ஓர் ஏடும் வாங்கினோம். பதினெட்டுப் பக்கம் எழுதினோம். பிறகு கட்டட வேலை, கூட்டங்கள், விழாக்கள் என்று நாள் ஓடிற்று. 'அடுத்த தவக்காலத்தில் பார்த்துக்கொள்வோம்' என்றிருந்தோம். அப்பாடல்களை முழுமையாக அறிந்திருந்த பாட்டி சென்ற தவக்காலத்துக்குச் சற்றுமுன் மறைந்தார். அடக்கத் திருப்பலியை நிறைவேற்றியவரும் நாமே. குழியில் மண் தூவியபோது, எத்தனை பாடல்களை அம்மண்ணுக்குள் வைத்து மூடுகிறோம் என்பது நமக்கு மட்டுமே தெரிந்திருந்தது. கரிவலம்வந்தநல்லூர்த் தீ நம் ஊரிலும் எரிந்துவிட்டது, வாசகர்களே; அதனை மூட்டியது நம் சோம்பல்.

அப்பாட்டியின் இளைய தங்கை இன்னும் இருக்கிறார். எண்பத்தொரு வயது. பாதி நினைவிருக்கிறது என்கிறார். செவ்வாய்தோறும் மாலை ஐந்து மணிக்கு ஏட்டோடு அவர் வீட்டுக்குச் செல்கிறோம். அந்த ஒரு மணி நேரத்தில் வேறு எதற்கும் நம்மை அழைக்க வேண்டாமென்று உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறோம். சென்ற வாரம் பத்தொன்பதாம் பக்கம் நிறைந்தது.

உங்கள் இல்லத்திலும் பாதியில் நின்ற ஏடு ஒன்று இருக்கும். இன்றிரவு உணவுக்குப்பின் அதனைத் தேடி எடுத்துப் பாருங்கள். அடுத்த திங்கள் சந்திப்போம்.